பெயின்ற் பட்ட செப்புக்காசுகள்

சின்னம்மாவின் சேலைகளுக்கு நடுவிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற மருந்துப் போத்தல் ஒன்று உருண்டு விழுந்த அன்று அம்மாவின் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை லண்டன் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எந்தச் சேலை எடுப்பாக இருக்கும் என்று பார்ப்பதற்காக அம்மா அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். போத்தல் தரையில் விழுந்து என் காலடிக்கு வந்து நின்றது. உள்ளே ரோஸ் நிறத் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது.

அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு சின்னம்மாவின் கைகளைப் பிடித்து இழுத்து நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னம்மா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். நகங்களை ஒட்ட வெட்டி வைத்திருப்பார். அவற்றின் இடுக்கில் சோக்குத்தூள்தான் இருக்கும். பிறந்த நாளிலிருந்து அந்த நகங்கள் பூச்சு என்ற ஒன்றைக் கண்டதில்லை. பூசாத பெண்ணுக்கு அழிக்கிற மருந்து எதற்கு? வெளியே யாருக்காகவோ பூசிக்கொண்டு, வீட்டு வாசலுக்கு வருமுன் அழித்துவிட்டு வருகிறாள் என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

"உண்மையைச் சொல்லு. ஆருக்காகப் பூசுறாய்?"

"ஐயோ அக்கா, அது நகத்துக்கு இல்லை. காசு கழுவ வாங்கினது."

"காசு கழுவவோ?"

"ஓம். சரிவரேல்ல எண்டு எடுத்து வைச்சனான். குசினிப்பக்கம் வைச்சா நெருப்புப் பிடிச்சிடும் எண்டுதான் அலுமாரிக்குள்ள வைச்சது."

அம்மா சாட்சிக்கு என்னைப் பார்த்தார். நான் கழுத்துச் சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டினேன். அம்மா பெரிய மூச்சொன்றை விட்டுக் கட்டிலில் இருந்துவிட்டார். "காசுதானே. நல்ல காலம்," என்றார். சின்னம்மாவின் காசுகளைப் பற்றி அம்மாவின் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே கூடாது என்றிருந்தது. சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் இல்லாததால் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். என் தலையை இழுத்துப் பின்னிவிடுவதும் அவர்தான், கணக்கில் பிழைவிட்டால் காதைத் திருகுவதும் அவர்தான். கலியாணம் சரிவந்தால் லண்டனுக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் சந்தோசமாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் எங்கள் நாட்டை என் சின்ன விரலால் மூடிவிடலாம்; லண்டனுக்கு உருண்டையையே திருப்ப வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மொட்டையாக, முசுடாக இருக்க வேண்டும் என்று காளி கோயிலில் கும்பிட்டிருந்தேன். படம் வந்தபோது பார்த்தால் தலை நிறைய மயிர், முகத்தில் நல்ல சிரிப்பு. அம்பாளும் என்னைக் கைவிட்டுவிட்டாள்.

எனக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அந்தக் காசுகள்தான். லண்டன் கடற்கரையில் இப்படிக் காசு கிடைக்காது என்று நான் திடமாக நம்பினேன்.

மாரி மழை ஓய்ந்து கடல் அடங்கும் நாட்களில் எங்கள் ஊர் டச்சுக்குடாக் கரையில் மணலைக் கிளறினால் சில வேளைகளில் பழைய செப்புக்காசு தட்டுப்படும். ஒல்லாந்தர் காலத்தவை சில, வெள்ளைக்காரர் காலத்துச் சதங்கள் சில. விற்கப்போனால் பெரிதாக ஒன்றும் தேறாது. சின்னம்மா அவற்றைப் பிள்ளைகள் போலப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, மோட்டார் பற்றறிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் நாட்கணக்காக ஊறவிட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்து, மட்டைத்துண்டுகளுக்கிடையில் வைத்து பிஸ்கற் ரின்னில் அடுக்குவார். அவ்வளவுதான். கறுப்பும் பச்சையுமாக அவை அப்படியே இருக்கும்.

இதை எங்கள் வீட்டில் ஒருவராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மினுக்கினால் பளபளக்கக்கூடிய ஒரு பொருளை ஊத்தையாகவே வைத்திருப்பது அம்மாவுக்கு மானப்பிரச்சினை. பழப்புளியும் சாம்பலும் போட்டால் போதும் என்பது அவர் கட்சி. அப்பா துறைமுகத்தில் இயந்திரப் பகுதியில் வேலை. அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாத் துருவுக்கும் மருந்து மண்ணெண்ணெய். பக்கத்து வீட்டு மாமி பற்பசை என்றார். கறுப்புச் சோடாவில் ஓர் இரவு போட்டுவைக்கலாம் என்று பால்காரர்கூட ஒருநாள் யோசனை சொன்னார்.

சின்னம்மா எல்லோருக்கும் பொறுமையாக விளங்கப்படுத்துவார். செப்பு காலம் போகப் போகத் தனக்கென்று ஒரு தோலைப் போட்டுக்கொள்கிறது, புளியும் தேசிக்காயும் அந்தத் தோலை உரித்துவிடும், உரித்த தோல் திரும்ப வராது என்பார். மண்ணெண்ணெய் தோலை உரிக்காது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். அதில் தூசு வந்து குந்தும். அம்மா "ஓம் ஓம்" என்று கேட்டுக்கொள்வார். ஒருநாள் சின்னம்மா பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, தங்கைக்கு ஓர் உதவியாக இருக்கட்டும் என்று, கோயில் விளக்குகளோடு சேர்த்து ஒரு காசையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். காசு புதிதாக அடித்தது போல இளஞ்சிவப்பாக மின்னியது. அதிலிருந்த எழுத்துகளில் பாதியைக் காணவில்லை. சின்னம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மாவுக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் எதற்காக அழுகிறார்கள் என்று தெரியாமல் நானும் சேர்ந்து அழுதேன்.

இப்படியிருக்கும்போதுதான் ஃபைபர் மாமா வந்து சேர்ந்தார். மாமா என்பது நான் வைத்த முறை. உட்துறைமுக வீதியோரம் ஒரு கொட்டிலில் ஃபைபர் படகுகள் திருத்துபவர் அவர். ஒருநாள் பின்னேரம் நானும் சின்னம்மாவும் குடாக்கரையில் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு போகையில், இவர் தூரத்திலிருந்து ஓடி வந்தார்.

"தோடு துலைஞ்சு போச்சோ ரீச்சர்?"

"இல்லை, காசு தேடுறன்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலில் நின்று மணலை அரித்துத் தேடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கறுப்பாக வட்டமாக எதையோ எடுத்துப் பார்த்து, "இது ஒரு பழசு ரீச்சர், கடைக்காரன் எடுக்கமாட்டான்," என்று கடலுக்குள் எறியக் கையை ஓங்கினார். சின்னம்மா போட்ட சத்தத்தில் கரையில் நின்ற காகங்கள் எல்லாம் எழும்பிவிட்டன. அது ஒல்லாந்தர் காசு. அவருக்கு முகம் கறுத்துப்போய்விட்டது. அதன் பிறகு படகு இழுக்கிற இடங்களில் காசு அகப்பட்டால் எடுத்து வைத்துத் தருவதாகச் சொன்னார். சின்னம்மா சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

சொன்னபடியே செய்தார். நான் ரியூசன் முடிந்து அந்த வழியாகத்தான் வருவேன். ஒருநாள் கொட்டில் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு, பேப்பரில் சுற்றிய காசொன்றைத் தந்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் காசின் ஒரு பக்கத்தில் நீலப் பெயின்ற் பட்டிருந்தது. படகுக்கு அடிக்கிற அதே நீலம்.

அங்கேதான் அந்த ரோஸ் நிறப் போத்தல் கதைக்குள் வருகிறது. பெயின்ற்றைக் கழற்ற அசிற்றோன் என்ற திரவம் நல்லது, அது உலோகத்தை ஒன்றும் செய்யாது என்று சின்னம்மா எங்கேயோ வாசித்திருந்தார். நகப்பூச்சு அழிக்கிற மருந்திலும் அதுதான் இருக்கிறது என்று காப்பும் பொட்டும் விற்கிற பன்சிக் கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்தார். பெயின்ற் போனது உண்மைதான். ஆனால் காசின் மேல் ரோசாப்பூ வாசனையோடு எண்ணெய்ப் படலம் ஒன்று படிந்துவிட்டது. நகம் வறண்டு போகாமலிருக்க எண்ணெயும் வாசனையும் நிறமும் கலந்துதான் அதை விற்கிறார்கள். சின்னம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் நான் கொட்டிலில் போய் நடந்ததெல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஃபைபர் மாமா கையிலிருந்த அரத்தாளைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த அக்கறையோடு கேட்டார். புளி என்ன செய்யும், மண்ணெண்ணெய் என்ன செய்யும், எது காசைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் சின்னம்மா போலவே கைகளை ஆட்டி விளங்கப்படுத்தினேன். படகு திருத்துகிற ஒருவருக்குக் காசின் தோலைப் பற்றி இவ்வளவு அறிய என்ன தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று என்னை மெச்சுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"உங்கட சின்னம்மா தேடுறது எங்களிட்ட கலன் கணக்கில கிடக்கு பிள்ளை," என்றார். பிசின் பட்ட தூரிகைகளையும் கைகளையும் துடைக்க அவர்கள் சுத்தமான அசிற்றோனைத்தான் பாவிப்பார்களாம். மருந்துக்கடைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதற்குள் ஊற்றித் தந்தார். கண்ட பிளாஸ்ரிக்கிலும் ஊற்றக்கூடாது என்று சொல்லி, எனக்குக் காட்டுவதற்காக யோகட் கோப்பை ஒன்றில் கொஞ்சம் விட்டார். கோப்பையின் அடி இளகிக் கழன்று விழுந்தது. அதைவிட நல்ல வித்தையை நான் அதுவரை கண்டதில்லை.

அதன் பிறகு மாதக்கணக்காக எனக்கு அதுதான் வேலை. பேப்பரில் சுற்றிய காசு அங்கிருந்து வரும், வெறும் போத்தல் இங்கிருந்து போகும், நிரம்பித் திரும்பும். சின்னம்மா வளவுக்குள் முருங்கை மரத்தடியில், காற்றுப்படுகிற இடத்தில் கதிரையைப் போட்டுக்கொள்வார். குசினியில் அடுப்பு எரிந்தால் போத்தலைத் திறக்கவே மாட்டார். ஜாம் போத்தலில் அசிற்றோனை விட்டு, காசை அதற்குள் மெல்ல இறக்கி மூடிவிடுவார். என்னைக் கிட்ட வரவிடமாட்டார். தேய்க்கவும் கூடாது, சுரண்டவும் கூடாது. பெயின்ற் தானாக நெகிழ்ந்து சுருண்டு உரிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அது முடியும்வரை சின்னம்மா கையைக் கட்டிக்கொண்டு ஜாம் போத்தலையே பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்துக் கொப்பிகள் திருத்தாமல் உள்ளே குவிந்து கிடக்கும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மனிதர் தந்த காசுகளில் ஒன்றாவது பெயின்ற் படாமல் வந்ததில்லை. ஒரு முறை சிவப்பு, ஒரு முறை பச்சை, ஒரு முறை வெள்ளை. சின்னம்மா கடற்கரையில் தானே எடுத்த காசுகளில் மணலும் பாசியும்தான் இருக்கும். இவர் எடுத்தால் மட்டும் படகின் நிறமெல்லாம் வந்துவிடும். இவ்வளவு கவனக்குறைவான ஆளிடம் எப்படிப் படகைத் திருத்தக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. சின்னம்மாவோ பேப்பரைப் பிரித்ததும், "பார் குஞ்சு, இந்த முறை மஞ்சள்," என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு எவ்வளவு பெரிய மனது என்று நான் உருகிப்போவேன்.

கடைசியில் சின்னம்மா சார்பில் நானே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

"மாமா, காசில பெயின்ற் படாம வையுங்கோவன். சின்னம்மா பாவம். எவ்வளவு நேரம் இருந்து எடுக்கிறா தெரியுமோ?"

அவர் படகின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புருவத்திலெல்லாம் வெள்ளைத் தூள். நிமிர்ந்து பார்க்காமலே, "அவ்வளவு நேரமோ இருக்கிறவ?" என்று கேட்டார்.

"ஓம். பின்னேரம் முழுக்க."

"சரி பிள்ளை. இனிக் கவனமா இருக்கிறன்."

அடுத்த காசில் இரண்டு நிறம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் தரகரும் வந்தார்கள். அம்மா வடை சுட்டிருந்தார். கேக்கும் வாழைப்பழமும் வைத்தார். சின்னம்மா மயில்கழுத்து நிறச் சேலையில் தேத்தண்ணித் தட்டோடு வந்து, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்படி அடக்கமாக அவர் இருந்து நான் பார்த்ததேயில்லை.

பேச்சு பயணம், வெயில், லண்டன் குளிர் என்று போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை படத்தில் இருந்ததைவிட நேரில் இன்னும் நல்லவராக இருந்தார். என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டு, நான் சொன்ன மறுமொழியைக் கேட்கவும் செய்தார். பெரியவர்கள் அநேகமாகக் கேட்பார்கள், மறுமொழிக்கு நிற்கமாட்டார்கள்.

சின்னம்மாவின் திறமைகளை எடுத்துவிட வேண்டிய கட்டம் வந்தது. சமையல், தையல் எல்லாம் சொல்லி முடித்து, சரக்குத் தீர்ந்த நிலையில் அம்மா, "கடற்கரையில பொறுக்கிப் பழைய காசும் சேர்க்கிறவ," என்றார். மாப்பிள்ளை நிமிர்ந்து இருந்தார். பேர்சைத் திறந்து, கறுத்துப்போன வெள்ளிக்காசு ஒன்றை எடுத்தார். செத்துப்போன தகப்பன் வைத்திருந்ததாம்.

"நகைக்கடையில குடுத்து மினுக்கிக்கொண்டு போவம் எண்டு கொண்டு வந்தனான்," என்றார்.

"ஐயோ, மினுக்காதேங்கோ!"

சின்னம்மாதான். தலை நிமிர்ந்துவிட்டது. அம்மா அவருடைய தொடையில் ரகசியமாகக் கிள்ளியதை நான் கண்டேன். சின்னம்மாவுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

"அந்தக் கறுப்பு, வெள்ளியில இருந்தே வந்தது. மினுக்கினா அதோட சேர்ந்து வெள்ளியும் தேயும். பிறகு என்ன செய்தாலும் வராது."

"அப்ப ஒண்டும் செய்யக்கூடாதோ?"

"எண்ணெய், பசை ஏதும் ஒட்டியிருந்தா அசிற்றோனில ஊறவைக்கலாம். தேய்க்கக்கூடாது. நகத்துக்கு விக்கிறது வேண்டாம், அதுக்குள்ள கண்டதையும் கலந்திருப்பினம். சுத்தமானது வேணும்."

அவர் உண்மையாகவே ஆர்வமாகக் கேட்டார். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். சின்னம்மாவும் வகுப்பில் நிற்பது போலக் கையை ஆட்டி, கண் மின்ன, சொல்லிக்கொண்டே போனார். நான் பயந்தது நடந்துகொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் பொருந்தி வருகிறது.

"கடலில எடுக்கிற காசுகளையும் அதிலதான் போடுறனீங்களோ?"

"ஓம்."

"அதில இருக்கிற பச்சை போகுமோ?"

"போகாது. பச்சையை அசிற்றோன் தொடாது. மேல பட்ட பெயின்ற்றை மட்டும்தான் எடுக்கும்."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார்.

"கடலுக்குள்ள கிடந்த காசில பெயின்ற் எப்பிடி வந்தது?"

சின்னம்மா வாயைத் திறந்தார். பிறகு சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றத் தொடங்கினார். எந்தக் கேள்விக்கும் மறுமொழி வைத்திருக்கிற என் சின்னம்மா, லண்டன்காரர் முன்னால் இப்படித் திணறுவதை என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய காதுமடல் சிவந்து வருவதைப் பார்த்து எனக்கு அழுகை வரப் பார்த்தது. உடனே பாய்ந்து உதவிக்குப் போனேன்.

"அது ஃபைபர் மாமா தாற காசு. அவர் தாற எல்லாத்திலயும் பெயின்ற் இருக்கும். பிறகு அவரே அசிற்றோனும் தந்துவிடுவார்."

"எல்லாத்திலயுமோ?"

"எல்லாத்திலயும்தான். கவனமில்லாத மனுசன். ஆனா நல்லவர்."

அப்பாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. அம்மா அவருடைய முதுகில் தட்டப் போனார். மாப்பிள்ளையின் தாயார் வடை மிக மெத்தென்று இருக்கிறது, உழுந்தை எவ்வளவு நேரம் ஊறவிடுவீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை மட்டும் சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ," என்றார் மாப்பிள்ளை. வெள்ளிக்காசைத் திரும்பப் பேர்சுக்குள் வைத்தார்.

இரண்டு மூன்று நாளில் தரகர் வந்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்று சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொருத்தம் பார்த்த பிறகுதானே பெண் பார்க்கவே வந்தார்கள்? லண்டனில் வேறு பஞ்சாங்கமா என்று தரகரைப் பிடித்து உலுப்பினார். அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போனார் என்று பிறகுதான் தெரிந்தது. படகுக் கொட்டிலில் கவிழ்த்துப் போட்ட படகொன்றின் மேல் அவரும் ஃபைபர் மாமாவும் வெகுநேரம் இருந்து கதைத்திருக்கிறார்கள்.

விஷயம் அம்மாவின் காதுக்கு வந்தபோது வீடு இரண்டுபட்டது. ரீச்சர் வேலை பார்க்கிற பிள்ளைக்குப் படகுக்கு ஒட்டுப்போடுகிறவனா என்று அம்மா குசினிக்குள் நின்று சட்டி பானைகளோடு கதைத்தார். சின்னம்மா முருங்கை மரத்தடியில் இருந்தார். மறுக்கவும் இல்லை, மன்றாடவும் இல்லை. அவருடைய வழக்கப்படி காத்திருந்தார். அப்பாதான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"ஒல்லாந்தன்ர காசுக்கே பெயின்ற் அடிச்சுக் குடுத்திருக்கிறான். அதுவும் கழண்டு போற பெயின்ற்றாப் பார்த்து. கையில பிசின் வாளி வைச்சிருக்கிறவன், அந்தப் பிசின் ஒரு துளி காசில பட்டு இறுகினா அசிற்றோனுக்கும் அசையாது. ஒரு காசிலயாவது பிசின் பட்டு வந்ததோ எண்டு தங்கச்சியிட்டக் கேளும்."

அம்மா கேட்கவில்லை. ஆனால் கறிக்கரண்டியைக் கீழே வைத்தார்; அதன் பிறகு சட்டி பானைகளோடு கதைக்கவும் இல்லை. புளி போட்டுத் தேய்த்த காசை அவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வருசம் ஆவணியில் கலியாணம் நடந்தது. சின்னம்மா எங்கும் போகவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளிப் போனார். ஃபைபர் மாமா எனக்குச் சித்தப்பா ஆனார். காசுகள் பெயின்ற் இல்லாமல் வரத் தொடங்கின. நான் பெரிய மனுஷியாகி, முதல் காசிலேயே பிடிபட்டுவிட்டாரா என்று சின்னம்மாவிடம் கேட்டபோது, "முதலாவது தற்செயலாப் பட்டிருக்கும் எண்டு நினைச்சனான். ரெண்டாவதோட தெரிஞ்சு போச்சு," என்றார். அப்படியென்றால் மிச்சக் காசுகளை எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஊறவைத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பகுதியை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒளிக்க வேண்டும் என்று இல்லை. சொல்லும்படி அதில் ஏதும் இருப்பதாக எனக்குக் கனகாலம் தெரியவில்லை.

அவர்கள் புறப்பட்டபோது தாயாரும் தரகரும் வாசலில் நின்ற வாடகை வான் வண்டிக்குள் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளை படலையடியில் நின்றார். நான் அங்கே தொங்கிக்கொண்டிருந்தேன்.

"பெயின்ற் படாம வைக்கச் சொல்லி நீங்கள் அந்த மாமாவிட்டச் சொல்லேல்லையோ?" என்று என்னிடம் கேட்டார்.

"சொன்னனான். அடுத்த காசில ரெண்டு நிறம் வந்தது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சந்தோசமாக இருந்தது. நான் சொல்லி ஒரு பெரியவர் இப்படிச் சிரிப்பது அரிது. சிரித்து முடிந்த பிறகும் அவர் போகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே சின்னம்மா கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பது யன்னலால் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானுக்குள்ளிருந்து தாயார் கூப்பிட்டார்.

"உங்கட சின்னம்மா நல்லா விளங்கப்படுத்துறா," என்றார். "என்ர காசை மினுக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ." சட்டைப்பையிலிருந்து சொக்லேற் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய் ஏறினார்.

வான் திரும்பியதும் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து என் தோளைப் பிடித்தார்.

"என்ன சொன்னவர்? முகம் எப்பிடி இருந்தது?"

சின்னம்மா இனி எனக்கில்லை என்று முடிவாகிவிட்டது போலிருந்தது. சொக்லேற்றைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

"அவருக்குச் சின்னம்மாவை நல்லாப் பிடிச்சுப் போச்சு அம்மா."

அம்மா கைகளைக் கூப்பிக்கொண்டு சாமியறைக்கு ஓடினார். நான் சொன்னது உண்மைதான். பிடித்துப்போனதால்தான் அவர் திரும்பி வரவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.